பழைய தோல், புது மை: யூதச் சுவடிப் போலிகளை இனங்காண ஒரு வழிகாட்டி

வாஷிங்டனில் 2017 நவம்பரில் பைபிள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதன் சேகரிப்பில் 16 தோல் துணுக்குகள் இருந்தன. சாக்கடல் சுருள்களிலிருந்து, அதாவது சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த இரண்டாயிரம் வருஷப் பழைய யூதச் சுவடிகளிலிருந்து, உதிர்ந்தவை என்று சொல்லி விற்கப்பட்டவை. பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அவற்றில் 13 துணுக்குகளை எபிரேயத்தில் ஊறிய அறிஞர்கள் படித்து, 2016-இல் புத்தகமாகவும் பதிப்பித்திருந்தார்கள். 2020 மார்ச்சில் 200 பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வறிக்கை ஒன்று வெளிவந்தது. பதினாறும் போலி.

தோல் உண்மையிலேயே பழையதாக இருக்கலாம் என்றுதான் அந்த அறிக்கையும் சொன்னது. எழுத்து வடிவங்கள் பார்வைக்கு ஏறக்குறையச் சரியாகவே இருந்தன. வாசகங்களும் பைபிளில் உள்ளவையே. குட்டு உடைந்தது வேறோர் இடத்தில். தோல் வெடித்துக் கிழிந்து மண் படிந்த பிறகுதான் அதன்மேல் மை ஓடியிருந்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பழைய தோலை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். பழைய எழுத்தை எவரும் பழகலாம். ஆனால் அசல் சுவடியில் எழுத்து முதலில் வந்தது, இரண்டாயிரம் வருஷம் பிறகு வந்தது. போலி செய்கிறவனுக்கு இரண்டாயிரம் வருஷம் முதலில் கிடைக்கிறது, எழுத்தை அவன் பிறகுதான் ஏற்ற முடியும். இந்த வரிசையைப் புரட்ட அவனிடம் வழி இல்லை. கீழே வரும் படிகள் எல்லாமே “எது முதலில், எது பிறகு” என்ற ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பவைதான்.

தொடங்குமுன்: அசலோடு பழகுங்கள்

போலியைப் பார்த்துப் போலியைக் கற்க முடியாது. உரைகல்லைக் கையில் எடுப்பவர் முதலில் உரசிப் பார்ப்பது நல்ல பொன்னைத்தான். சாக்கடலின் வடமேற்குக் கரையில் உள்ள கும்ரான் பகுதியில், 1946-47 வாக்கில் ஆடு மேய்க்கும் பெதூயின்கள் என்ற பாலைவன நாடோடிகள் முதல் சுருள்களைக் கண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் 11 குகைகளிலிருந்து 900-க்கும் மேற்பட்ட சுவடிகளின் மிச்சங்கள் கிடைத்தன. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. இவற்றின் நுட்பமான படங்களை இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் கூகுளுடன் சேர்ந்து 2012 முதல் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அகச்சிவப்புப் படங்களும் உண்டு.

இரண்டு வாரம் வேறு எதுவும் செய்யாமல் இந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எபிரேயம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. எழுதுமுன் தோலில் மையில்லாமல் கீறிய கோடுகள் தெரியும். எழுத்துகள் அந்தக் கோட்டின் மேல் உட்காரவில்லை, கொடியில் காயப்போட்ட துணிபோல அதிலிருந்து தொங்குகின்றன. லாமெத் என்ற ஓர் எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டித் தலையை மேலே நீட்டும். கிழிசல் எங்கே வந்தாலும் எழுத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அதன் நடுவாகவே போயிருக்கும். ஓரங்களில் பாதி எழுத்து, கால் எழுத்து, வெறும் மைப்புள்ளி என்று மிச்சங்கள் கிடக்கும். இந்த ஓரங்களை நன்றாக நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

1950-களில் ஜெருசலேமில் இருந்த ஆய்வாளர்கள் துண்டுகளை ஒட்டுவதற்கு சாதாரண செல்லோடேப் பயன்படுத்தினார்கள். இன்றைக்குப் பாதுகாப்பாளர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். டேப் பசையைப் பார்த்ததும் “போலி” என்று குதித்துவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் படி: எங்கிருந்து வந்தது?

லென்ஸை எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. யார் கண்டெடுத்தார், எந்த ஆண்டு, எந்த இடத்தில், பிறகு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் என்ன காகிதம் இருக்கிறது?

2021 மார்ச்சில் இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம், நஹல் ஹெவெர் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு குகையைத் தோண்டியபோது கிடைத்த துணுக்குகளை அறிவித்தது. கிரேக்க மொழியில் எழுதிய சகரியா, நாகூம் என்ற பைபிள் நூல்களின் சிதறல்கள் அவற்றில் இருந்தன. “இவை அசல்தானா” என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவை எழவில்லை, ஏனென்றால் மண்ணிலிருந்து எடுத்தவர்களே பதிவும் செய்தார்கள்.

இதற்கு நேர்மாறானது 2002-க்குப் பிறகு சந்தையில் தலைகாட்டிய 70-க்கும் மேற்பட்ட துணுக்குகளின் கதை. ஐம்பது வருஷமாக எங்கும் பேச்சு மூச்சு இல்லை. திடீரென்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. ஆய்வாளர்களில் சிலருக்கு அந்த வரவே முதல் உறுத்தல். நார்வேயைச் சேர்ந்த ஆர்ஸ்டைன் யுஸ்ட்னெஸ் போன்றவர்கள், அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த சரக்கு முழுவதையுமே சந்தேகப் பட்டியலில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கும்ரானில் கிடைத்த சுவடிகளில் ஏறக்குறைய கால்வாசிதான் பைபிள் நூல்கள். மற்றவை விதிமுறைகள், பாடல்கள், நாட்காட்டிகள், விளக்கவுரைகள். சந்தைக்கு வந்தவற்றிலோ பெரும்பாலானவை பைபிள். குகைகளில் நெகேமியா நூலின் துண்டு கிடைத்ததே இல்லை; சந்தையில் கிடைத்தது. வாங்குகிறவர் மனதில் ஆசைப்பட்டது எல்லாம் வரிசையாகத் தரையிலிருந்து முளைக்கிறது என்றால் அந்தத் தரையைச் சந்தேகப்பட வேண்டும்.

“குடும்பச் சொத்து, வெளிநாட்டு வங்கிப் பெட்டகத்தில் இருந்தது, உரிமையாளர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை” என்று வந்தால் அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1978-இல் வந்த இஸ்ரேல் சட்டப்படி, அதற்குப் பிறகு அங்கே கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். ஆகவே “போன வருஷம் ஒரு பெதூயின் கொண்டுவந்து கொடுத்தான்” என்பது உண்மையென்றால் பொருள் திருட்டு, பொய்யென்றால் போலி. இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு அதில் வேலை இல்லை.

இரண்டாம் படி: நின்ற இடத்திலிருந்தே கழிக்கக்கூடியவை

போலிகளில் பெரும்பகுதி நுட்பமானவை அல்ல. துருக்கியில் “ஆயிரம் வருஷத் தோரா” (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வரும். படத்தைப் பார்த்தால் கறுத்த தோல் பக்கங்களில் தங்கநிற எழுத்து, நடுவில் பெரிய ஆறுமுனை நட்சத்திரம், பக்கத்தில் ஏழுகிளை விளக்கு. எபிரேயம் தெரிந்தவர்கள் படித்தால் சொல்லே கூடுவதில்லை. சில சமயம் எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கும். நகைக்கடை விளம்பரம்போல மின்னுகிற சுவடியை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

காரணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா சுருளில் படமும் அலங்காரமும் வரையும் வழக்கமே இல்லை. ஆறுமுனை நட்சத்திரம் யூதர்களின் பொது அடையாளமாகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்காக நட்சத்திரம் இருந்தாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. 1008-ஐச் சேர்ந்த லெனின்கிராட் சுவடி என்ற எபிரேய பைபிள் பிரதியின் அலங்காரப் பக்கத்திலேயே அப்படி ஒரு வடிவம் உண்டு. “கிறிஸ்துவுக்கு முந்தையது” என்று சொல்லப்படும் தோலின் மீது அது இருந்தால்தான் சிக்கல்.

அடுத்து, உயிர்க்குறிகள். எபிரேயத்தில் மெய்யெழுத்துகளுக்கு மேலும் கீழும் இடும் புள்ளிகளும் கோடுகளும் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மசோரெத்துகள் என்ற அறிஞர்கள் உருவாக்கியவை. சாக்கடல் காலத்துத் துணுக்கில் அவை இருக்க இடமே இல்லை. அதேபோல, தோரா சுருள்களில் ஏழு எழுத்துகளின் தலையில் சிறு முடிகள் இடுவார்கள்; அது பிற்காலப் பழக்கம். முடி சூடிய எழுத்தோடு ஒரு தோல் துண்டு “கும்ரான்” என்று வந்தால், யாரோ ஒரு பிற்காலத் தோரா சுருளைக் கத்தரித்து விற்கிறார்கள் என்று பொருள். அது போலிகூட இல்லை, அசல் பொருளுக்குப் பொய் வயது. சந்தையில் இந்த வகையும் நிறையவே உண்டு.

மூன்றாம் படி: எது முதலில், எது பிறகு?

இனிமேல்தான் லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸ் போதும்; போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் படமும் எடுக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். பத்துக் கட்டுரை படிப்பதைவிட இது பயன் தரும்.

வழவழப்பான சார்ட் அட்டையில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டில் இந்தியன் இங்க்கைத் தொட்டு எழுதும் நிப்பினால் நாலு வரி எழுதி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு அதைக் கசக்குங்கள், மடித்து மடித்து விரியுங்கள், எழுத்தின் குறுக்கே கிழியுங்கள். இரண்டாவது துண்டில் வரிசையை மாற்றுங்கள்: முதலில் கசக்கி, மடித்து, ஓரங்களைக் கிழித்து, கொஞ்சம் செம்மண்ணையும் தேய்த்துவிட்டு, அதன்மேல் எழுதுங்கள்.

இப்போது லென்ஸில் பாருங்கள். முதல் துண்டில் மடிப்பு ஓடிய இடத்தில் மை உடைந்திருக்கும். விரிசலின் உள்ளே எட்டிப் பார்த்தால் அட்டையின் வெள்ளை தெரியும். கிழிசலில் எழுத்து இரண்டாகப் பிளந்து, கிழிந்த ஓரத்தின் நார்கள் வெள்ளையாகவே நிற்கும். இரண்டாவது துண்டில், நிப் மடிப்பைத் தொட்ட இடத்தில் மை வாய்க்காலில் தண்ணீர் பாய்வதுபோல மடிப்போடு ஓடியிருக்கும். விரிசலின் அடிவரை கறுப்பு. கிழிந்த ஓரத்தில் மை வழிந்து பக்கவாட்டு நார்களையும் நனைத்திருக்கும். மண் இருந்த இடத்தில் மை மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும், அடியில் அல்ல.

நான் இதை முதலில் செய்து பார்த்தது வெடித்துப்போன ஒரு பழைய மணிபர்ஸின் மேல். எவ்வளவு மெதுவாக எழுதினாலும் நிப் விரிசலில் தட்டித் தடுமாறியது. ஒரு கோடுகூட நேராக வரவில்லை. பழந்தோலில் எழுதுகிறவன் கை ஏன் நடுங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

வாஷிங்டன் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்தவர்கள் கண்டதும் இதுவேதான். மை விரிசல்களுக்குள் தேங்கியிருந்தது, கிழிந்த விளிம்புகளில் அருவிபோல வழிந்திருந்தது. தாதுப் படிவுக்கு மேலே மை இருந்தது. சில இடங்களில் ஈரம் காயாத மையின் மீது மண்தூள் தூவப்பட்டிருந்தது. குழந்தைக்குக்கூடக் காட்டிப் புரியவைத்துவிடலாம், அவ்வளவு எளிய தடயம்.

அடுத்து ஓரங்கள். அசல் துண்டின் ஓரத்தில் கால் எழுத்து, அரை எழுத்து கிடக்கும் என்றேனே, அதைப் போலியில் தேடுங்கள். ஏற்கெனவே கிழிந்த துண்டில் எழுதுகிறவனுக்கு இடம் எங்கே முடிகிறது என்று தெரியும். தெரிந்தால் கை தானாகவே ஒதுங்கும். வரியின் கடைசி எழுத்து ஒடுங்கும், ஓட்டை வந்தால் எழுத்து வளைந்து விலகும். ஊர்வலத்தில் போகிறவர்கள் குட்டையைச் சுற்றிப் போவதுபோல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதியவருக்கு, எங்கே புழு அரிக்கும் என்று எப்படித் தெரியும்?

இந்தத் தடயத்தின் பழைய கதை ஒன்றும் உண்டு. ஜெருசலேமில் பழம்பொருள் கடை வைத்திருந்த மோசஸ் வில்ஹெல்ம் ஷபீரா, 1883-இல் கறுத்துப்போன தோல் கீற்றுகளோடு லண்டன் போனார். உபாகமம் என்ற பைபிள் நூலின் மிகப் பழைய வடிவம் என்றார்; பத்து லட்சம் பவுண்டு விலை சொன்னார். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இரண்டு கீற்றுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ, ஷபீராவின் பழைய எதிரி. ஷபீரா முன்பு பழைய மோவாப் நாட்டுடையவை என்று விற்ற மண்பாண்டங்களைப் போலி என்று அம்பலப்படுத்தியவர். அவருக்குக் கீற்றுகளைத் தொட்டுப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே பார்த்தார். தோலில் மேலிருந்து கீழாகக் கீறிய கோடுகள் தெரிந்தன, தோரா சுருளில் பத்திகளைப் பிரிக்கும் கோடுகள்போல. எழுத்தோ அவற்றைச் சட்டையே செய்யாமல் தாண்டி ஓடியது. பழைய தோரா சுருளின் அடி விளிம்பைக் கத்தரித்து எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். கோடு ஒருவருடையது, எழுத்து இன்னொருவருடையது. அதே கேள்விதான்: எது முதலில்?

நான்காம் படி: தோல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கும்ரான் சுவடிகளில் பெரும்பாலானவை தோல்தாள்: மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, காயவைத்து, மேற்பரப்பை மட்டும் இலேசாகப் பதப்படுத்தியது. மெல்லியது, வழவழப்பானது. செருப்புக்கும் பைக்கும் ஆகும் தோல் உள்வரை பதனிட்டது. தடித்தது, நார்நாரானது, மேடு பள்ளமானது. வாஷிங்டன் துணுக்குகளில் குறைந்தது 15 இந்த இரண்டாவது வகை. ஒன்றில் வரிசையாகத் துளைகள்கூட இருந்தன, பழைய ரோமானிய காலணிகளில் இருப்பதுபோல.

அசல் தோல்தாள் வயதாக ஆக அதிலுள்ள புரதம் சிதைந்து, பசைபோல இறுகிப் பளபளக்கும். போலி செய்தவர் அதையும் கவனித்திருக்கிறார், ஆகவே துணுக்குகளை விலங்குப் பசையில் ஊறவைத்திருக்கிறார். பளபளப்பைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அதை வைத்தே தீர்ப்பும் சொல்ல வேண்டாம். பளபளப்பு விரிசலுக்குள்ளும் மண்ணின் மேலும் ஒரே சீராகப் பூசியதுபோல இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: எழுதிய கை

எழுத்துக்கும் பிறந்த தேதி உண்டு. இது தமிழருக்கு எளிதில் புரியும். 1955-இல் அச்சான தமிழ்ப் பத்திரிகை என்று ஒருவர் காட்டுகிறார், அதில் “லை”, “னை” எல்லாம் இன்றைய வடிவில் இருக்கின்றன என்றால் உடனே சிரிப்போம் அல்லவா? அந்த வடிவங்கள் அரசாணையாக வந்தது 1978-இல். (பெரியாரின் பத்திரிகைகள் முன்பே கையாண்டன என்பதால் அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும்.) எபிரேய எழுத்துக்கும் இப்படி ஒரு காலவரிசை உண்டு. அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் மூர் கிராஸ் 1961-இல் அதை ஒழுங்குபடுத்தினார். ஹஸ்மோனியர் என்ற யூத அரச மரபின் காலத்து எழுத்து ஒரு மாதிரி, அவர்களுக்குப் பின் வந்த ஹெரோது மன்னர் காலத்து எழுத்து இன்னொரு மாதிரி. எடுத்துக்காட்டாக, ஹெரோது காலத்தில் வாவ், யோத் என்ற இரண்டு எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன.

புதியவர் இந்த வரிசையை ஒரே நாளில் கற்றுவிட முடியாது. ஆனால் ஒன்றைச் செய்யலாம். துணுக்கில் அடிக்கடி வரும் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அது வரும் இடங்களையெல்லாம் படத்திலிருந்து வெட்டி வரிசையாக வையுங்கள். எழுத்தே தொழிலான ஒருவர் எழுதியிருந்தால் எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள்போல இருக்கும். போலியில் ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, ஒன்றில் கோடு மேலிருந்து கீழே, இன்னொன்றில் கீழிருந்து மேலே. சில சமயம் ஒரே வரியில் இருநூறு வருஷ இடைவெளியுள்ள இரண்டு வடிவங்கள். படத்தைப் பார்த்து வரைகிறவனிடம் இதுதான் நடக்கும். அவன் எழுதுவதில்லை, வரைகிறான்.

கோட்டிலிருந்து எழுத்து தொங்க வேண்டும் என்றேன். போலியில் அது கோட்டுக்கு மேலே ஏறும், கீழே இறங்கும், இல்லையென்றால் கோடே இருக்காது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அன்றைக்கும் கிறுக்கியவர்கள் இருந்தார்கள்.

ஆறாம் படி: வாசகம்

போலி செய்கிறவன் பெரும்பாலும் ஏதாவது ஓர் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறான். அந்தப் புத்தகத்தின் மணம் வாசகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வாளர் கிப் டேவிஸ் வாஷிங்டன் துணுக்கு ஒன்றில் கண்டது இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. எபிரேய வரியின் நடுவே, கிரேக்க ஆல்ஃபா போன்ற ஒரு சிறு வடிவம். அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் எபிரேய பைபிளின் 1937 பதிப்பில், அதே இடத்தில், அடிக்குறிப்பைச் சுட்ட ஓர் ஆல்ஃபா அச்சிடப்பட்டிருக்கிறது.

யூதச் சுவடி இல்லையென்றாலும் சொல்லாமல் போக முடியாத இன்னொன்று: 2012-இல் உலகச் செய்தியான “இயேசுவின் மனைவி” பாப்பிரஸ் (நாணல் தாள்). எகிப்தின் பழைய கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய காப்திய மொழியில் எழுதியது. பாப்பிரஸ் பழையதுதான் என்று ஆய்வகம் சொன்னது. ஆனால் அதில் இருந்த ஓர் எழுத்துப் பிழை, தோமா நற்செய்தியின் ஓர் இணையப் பதிப்பில் தட்டச்சு செய்தவர் விட்டுவிட்ட எழுத்தோடு ஒத்துப்போனது. அதே கையிலிருந்து வந்த யோவான் நற்செய்தித் துண்டு இன்னும் மோசம். 1924-இல் அச்சான பதிப்பின் வரிகளை ஒன்று விட்டு ஒன்று எடுத்து, அச்சில் வரி எங்கே உடைந்ததோ அங்கேயே இவரும் உடைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போது அவன் பெயரையும் சேர்த்து எழுதியதுபோல.

நீங்கள் செய்ய வேண்டியது: துணுக்கில் உள்ள சொற்களை பைபிளில் எங்கே வருகின்றன என்று கண்டுபிடித்து, ஒரு வரியின் சொல்லுக்கும் அடுத்த வரியில் அதற்கு நேர் கீழே உள்ள சொல்லுக்கும் இடையில் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். அதுதான் பத்தியின் அகலம். அசல் சுவடியில் வரிக்கு வரி இது சில எழுத்துகளே கூடிக் குறையும். ஒரு வரியில் 30, அடுத்ததில் 52, பிறகு 24 என்று வந்தால் அப்படி ஒரு பத்தி இருந்திருக்க முடியாது. எண்ணிக்கை சரியாகவே வந்தாலும் மகிழ வேண்டாம், போலி செய்தவனும் எண்ணத் தெரிந்தவனாக இருக்கலாம்.

ஏழாம் படி: ஆய்வகம், அதன் எல்லை

புதியவர்கள் முதலில் கேட்பது “கார்பன் 14 பார்த்தாச்சா?” என்றுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. கார்பன் சோதனை, ஆடு எப்போது செத்தது என்று சொல்லும். அதன் தோலில் யார் எப்போது எழுதினார் என்று சொல்லாது.

2016 அக்டோபரில் இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் ஒரு சிறிய பாப்பிரஸை வெளியிட்டது. அரசரின் பணிப்பெண், திராட்சை ரசச் சாடிகள், ஜெருசலேம் என்று வாசகம். கார்பன் சோதனை கி.மு. 7-ஆம் நூற்றாண்டைக் காட்டியது. எழுத்தியல் அறிஞர் கிறிஸ்டபர் ரோல்ஸ்டன் உடனே கையைத் தூக்கினார்: எழுதாத பழைய பாப்பிரஸ் சந்தையில் கிடைக்கிறதே, வயது பாப்பிரஸுக்கா எழுத்துக்கா? அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் கேள்வி நியாயமானது என்பது என் கட்சி.

மற்றச் சோதனைகளையும் அவை எதைச் சொல்லும் என்று பார்த்தே கேட்க வேண்டும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும்; இரும்பு கலந்த மை உடனே தெரியும். கும்ரான் மை பெரும்பாலும் புகைக்கரியும் பிசினும் கலந்தது. கரி அந்தக் கருவிக்குப் பிடிபடாது, அதற்கு ராமன் நிறமாலை வேண்டும். அகச்சிவப்பில் கரிமை கறுப்பாகவே நிற்கும், பல நவீனச் சாய மைகள் மறைந்துவிடும். ஆனால் கரிமை செய்ய ஒரு விளக்கும் ஒரு தட்டும் போதும் என்பதை மறக்காதீர்கள். புற ஊதா விளக்கு உங்களாலும் வாங்க முடிந்தது. பசையும் ஒட்டுவேலையும் அதில் வேறு நிறமாக ஒளிரும். தாளில் எழுதிய “பழைய” திருமண ஒப்பந்தமோ தாயத்தோ அந்த விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், தாளில் வெண்மையூட்டி இருக்கிறது. அது 1950-ஐ ஒட்டிப் பரவிய பழக்கம்.

2017-இல் வாஷிங்டன் துணுக்குகள் ஐந்து ஜெர்மனியில் உள்ள கூட்டாட்சிப் பொருளாய்வு நிறுவனத்துக்குப் போயின. பண்டைக் காலத்துக்குப் பொருந்தாத பண்புகள் என்று முடிவு வந்தது, 2018-இல் ஐந்தும் காட்சியிலிருந்து அகற்றப்பட்டன. இருந்தாலும் சந்தேகத்தைக் கிளப்பியது ஆய்வகம் இல்லை. அதற்கு முன்பே படங்களைப் பார்த்து, எழுத்து ஓரங்களில் ஏன் வளைகிறது என்று கேட்டவர்கள்தான்.

எட்டாம் படி: எப்படிச் சொல்வது

“போலி” என்று எழுதுமுன் “எந்தப் பகுதி போலி” என்று கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கிரிமியாவில் வாழ்ந்த ஆபிரகாம் ஃபிர்கோவிச், உலகின் மிகச் சிறந்த எபிரேயச் சுவடிகள் பலவற்றைச் சேர்த்தவர். லெனின்கிராட் சுவடியும் அவர் தேடியதுதான். அவருடைய சேகரிப்பில் சில குறிப்புகளில் ஆண்டுகள் திருத்தப்பட்டிருப்பதாகப் பிறகு வந்த அறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். சுவடி அசல், தேதி போலி. இப்படியும் நடக்கும்.

தீர்ப்பில் அவசரமும் வேண்டாம். ஷபீரா, லண்டனில் அவமானப்பட்ட சில மாதங்களில், 1884 மார்ச்சில் ராட்டர்டாமில் ஒரு விடுதி அறையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கீற்றுகள் ஏலத்தில் சில பவுண்டுக்குப் போய், பிறகு காணாமலே போயின. சாக்கடல் சுருள்கள் கிடைத்த பிறகு, ஒருவேளை அவை அசலோ என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. 2021-இல்கூட ஓர் ஆய்வாளர் அசல்தான் என்று வாதாடினார். நான் கிளெர்மோன்-கன்னோ பக்கம்தான். ஆனால் கீற்றுகள் இன்று கையில் இருந்தால், அந்தக் கோடுகளுக்கும் மைக்கும் இடையே ஒரு நுண்ணோக்கி அரை நாளில் தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

ஆகவே உங்கள் குறிப்பை இப்படி எழுதுங்கள்: பார்த்தது பொருளையா படத்தையா, எந்த வெளிச்சத்தில், எத்தனை மடங்கு பெரிதாக்கி, எந்த வரியில் எந்த எழுத்தில் மை விரிசலுக்குள் இருந்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு படம். “எனக்குத் தோன்றுகிறது” என்பதையும் “படத்தில் தெரிகிறது” என்பதையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. விற்க வந்தவர் “ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?” என்று கேட்பார். கைமாறிய வரலாற்றுக்குக் காகிதம் இல்லை என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். விரிசலில் மை தேங்கியிருப்பதை அவரிடம் விளக்கினால், அடுத்த துணுக்கில் அவர் விரிசல் இல்லாத தோலைத் தேடிக்கொண்டு வருவார்.